மீட்டவர்களைக் கையில் சான்று இல்லாமல் ஊருக்கு அனுப்பாதீர்கள்

செங்கல் சூளையிலிருந்தோ, மில் விடுதியிலிருந்தோ, வடமாநிலத்து முறுக்குக் கம்பெனியிலிருந்தோ, கொத்தடிமையாகவோ கடத்தப்பட்டோ சிக்கிய நம் ஊர் ஆட்களை மீட்டால், அவசரப்பட்டு அன்றைக்கே பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். பெரியவர்கள் என்றால் வேலை நடந்த இடத்துக்குரிய வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கையெழுத்திட்ட விடுதலைச் சான்று கைக்கு வர வேண்டும். குழந்தை என்றால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வர வேண்டும். அதுவரை அங்கேயே இருங்கள். சான்று இல்லாமல் வந்த குடும்பத்தின் வீட்டு வாசலில், முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன மேஸ்திரி வந்து நின்று கூப்பிடுவான். முன்பணம் பாக்கி என்று ஊர்ப் பெரியவர்களையும் கூட்டி வருவான். ஊருக்கு வந்தபின் சான்று கேட்டு மனுப் போட்டால், இரண்டு மாவட்ட அலுவலகங்களுக்கு நடுவே கடிதம் அலையும். அது போய்ச் சேர்வதற்குள் அடுத்த சூளைப் பருவம் வந்துவிடும்.

நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர். ஆசிரியர்கள், மகளிர் குழுத் தலைவிகள், வார்டு உறுப்பினர்கள், சமூகப் பணி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆள்கடத்தல் என்றால் எது என்பது. வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டு போவது மட்டும்தான் கடத்தல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலோர் டிக்கெட் வாங்கி, வழியனுப்ப ஆள் வந்து, சந்தோஷமாகத்தான் ரயில் ஏறினார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 143ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370) மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டுபோவது, அதற்கு மிரட்டல், ஏமாற்று, ஆசை காட்டுதல், பணம் கொடுத்தல் போன்ற வழி, சுரண்டும் நோக்கம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது கணக்கில் வராது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தண்டனை 7 முதல் 10 ஆண்டு. குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள்வரை போகலாம்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதைவிட நமக்குக் கைக்கு அடக்கமானது. முன்பணம் வாங்கிய காரணத்தால் நான்கில் ஒன்று பறிபோயிருந்தாலே போதும்: உரிய கூலி இல்லை, வேறு வேலைக்குப் போக முடியாது, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாது, தன் பொருளையோ உழைப்பின் விளைவையோ சந்தை விலைக்கு விற்க முடியாது. நான்கும் இருக்க வேண்டும் என்று யாராவது அதிகாரி சொன்னால், இரண்டாம் பிரிவைப் பணிவாக எடுத்துக் காட்டுங்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் 11 அறிகுறிகள் வைத்திருக்கிறது. ஏமாற்று, தனிமைப்படுத்துதல், நடமாட்டத் தடை, ஆவணங்களைப் பிடுங்கி வைத்தல், கூலியை நிறுத்தி வைத்தல், கடன் பிணை, அளவு மீறிய வேலை நேரம் என்று அது நீளும். அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சூளையில் நிற்கும் ஒருவரிடம் போய் "உங்களுக்கு நடமாட்டச் சுதந்திரம் இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது. நம் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "போன கொடைக்கு ஊருக்கு வந்தீர்களா?" கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோவில் திருவிழா.

திருநெல்வேலிக்காரர் எங்கே பிழைத்தாலும் சொந்தக் கோவில் கொடைக்கு வந்துவிடுவார். மும்பையில் இருந்தாலும் வருவார். வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். வந்தோம் என்றால் யார் யார் வந்தீர்கள், யார் அங்கேயே தங்கினார்கள் என்று கேளுங்கள். "நானும் சின்னவளும் வந்தோம், பெரியவனை மேஸ்திரி அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்" என்று ஒரு தாய் சொன்னால் உங்களுக்கு வேறு சாட்சியம் அதிகம் வேண்டாம். மகனைப் பிணையாக வைத்துக்கொண்டுதான் தாயைச் சாமி கும்பிட அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு கணக்கு நோட்டைப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் நோட்டை நான் கையில் வாங்கிப் படித்தேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே முன்பணம் 40,000. வாரா வாரம் செலவுக் காசு 1,500 என்று பேனாவில் எழுதியிருந்தது. அறுத்த கல்லின் எண்ணிக்கை மட்டும் பென்சிலில். மழையில் கரைந்த கல், உடைந்த கல், மருத்துவச் செலவு எல்லாம் கழிவு. பருவ முடிவில் கணவனும் மனைவியும் ஆறு மாதம் மண் மிதித்த பின், பாக்கி 52,000 என்று நின்றது. இப்படி ஒரு நோட்டு கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் அங்கேயே படம் எடுங்கள். பிறகு எடுக்கலாம் என்று விட்டால் பிறகு அந்த நோட்டே இருக்காது.

மில்லுக்குப் போகும் பெண் பிள்ளைகள் விஷயத்தில் கேள்வி வேறு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு நம் தென்மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும்போது, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தொகை தருவோம் என்று சொல்லும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. சுமங்கலித் திட்டம் என்று பெயர். பெயர் மாறும், முறை மாறாது. விடுதியிலிருந்து வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும், போன் யார் கையில் இருக்கிறது, நடுவில் நின்றால் சேர்ந்த பணம் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே நீண்ட விடுப்பு என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போங்கள். "மாமா வீட்டில் இருக்கிறான்" என்றால் மாமா எந்த ஊர், அங்கே எந்தப் பள்ளி, மாற்றுச் சான்றிதழ் ஏன் வாங்கவில்லை என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டைவிடக் கூர்மையான எச்சரிக்கை மணி நம்மிடம் இல்லை. வீட்டில் பீடி சுற்ற வாங்கிய கடன் ஏறியிருக்கிறதா என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். தட்டை மடியில் வைத்து பீடி இலை வெட்டும் பிள்ளையின் விரலைப் பார்த்தாலே போதும்.

வடமாநிலங்களிலிருந்து நம் மாவட்டத்துக்கு வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். அவர்களிடம் பேசும்போது மேஸ்திரியையோ முதலாளியின் ஆளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

யாருக்குச் சொல்வது

உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தை என்றால் 1098. பெண்களுக்கு 181. ரயிலில் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் 139. வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் சொல்லுங்கள், அடுத்த பெரிய நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஏறுவார்கள். தனியாகப் போய்ச் சூளையில் சண்டை போடாதீர்கள். நீங்கள் போன செய்தி பரவினால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கொத்தடிமை என்றால் எழுத்து மூலமான மனு மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் போக வேண்டும். இந்தச் சட்டத்தில் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. காவல் நிலையம் மட்டும் போதாது. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் என்றால் சேரன்மகாதேவி சார் ஆட்சியர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதை மறந்து, ஆலங்குளம், கடையம் ஆட்களின் மனுவை இன்னும் சிலர் கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அது தென்காசி ஆட்சியருக்குப் போக வேண்டும். சூளை வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்ட ஆட்சியருக்கு மின்னஞ்சல், நகல் நம் ஆட்சியருக்கு.

காணாமல் போன குழந்தை என்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு கட்டாயம். கடத்தலாக இருக்கலாம் என்று கொண்டுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்றும், நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. "ரெண்டு நாள் பாருங்கள், வந்துவிடுவான்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். எங்கள் எல்லை இல்லை என்றும் சொல்ல முடியாது; எந்தக் காவல் நிலையமும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாங்க மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திருநெல்வேலி மாநகரத்துக்குள் என்றால் காவல் ஆணையருக்கு.

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆள்கடத்தலுக்கோ கட்டாய உழைப்புக்கோ ஆளானவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. 15100 எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

வாக்குமூலம்

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சான்று, பணம், வழக்கு எல்லாம் இந்த இரண்டு மூன்று பக்கத்தில் நிற்கிறது.

சூளையில் அதிகாரி வந்ததும் உரிமையாளர் நாற்காலி போட்டு, எல்லாரையும் வரிசையாக நிற்க வைப்பார். அவர் முன்னிலையில் கேட்டால் அத்தனை பேரும் "நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார்" என்று சொல்வார்கள். ஆட்களைத் தனி இடத்துக்கு, முடிந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கே அழைத்துவந்து, சாப்பாடு கொடுத்து, குழந்தைகளைத் தூங்க வைத்த பிறகு கேட்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெண்ணிடம் பெண் அலுவலர் பேச வேண்டும். கணவனிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருக்கும்.

ஒருமுறை அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதானவர் ஒருவர், "டீச்சர், வாங்கிய காசைக் கொடுக்காமல் போனால் சுடலைமாடன் சும்மா விடுவானா?" என்று கேட்டார். உள்ளே போய் அதையே சொல்ல இருந்தார். அது அப்படியே தாளில் ஏறியிருந்தால், விருப்பப்பட்டு வேலை செய்கிறார் என்று முடித்திருப்பார்கள். "அண்ணாச்சி, காசு வாங்கியது உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் அறுத்த கல்லுக்கு அரசு சொன்ன கூலி போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லி, அங்கேயே கூட்டிப் பார்த்தோம். வாங்கியதைப் போலப் பல மடங்கு அவருக்கு வர வேண்டியிருந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய், யார் வீட்டுக்கு வந்தது, எவ்வளவு கொடுத்தது, வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

கடன் வாங்கியவரின் மானம்தான் அவரைக் கட்டிவைக்கும் கயிறு. அந்த மானத்தை இழிவாகப் பேசாதீர்கள். சட்டப்படி அந்தக் கடன் செத்துவிட்டது, அதைத் திரும்ப வாங்குபவர்தான் மூன்றாண்டுவரை சிறைக்குப் போவார் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவர் மேல்தான், கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு.

வாக்குமூலத்தில் இவை வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்: ஆள் பிடித்தவர் பெயர், முன்பணம், கொடுத்த இடம், சொன்ன வேலை, செய்த வேலை, எழும் நேரம், படுக்கும் நேரம், ஆயிரம் கல்லுக்குச் சொன்ன கூலி, கையில் வந்த காசு, ஊருக்குப் போகக் கேட்டபோது கிடைத்த பதில், அடி, வசவு, ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் யாரிடம். படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் சாதியைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொத்தடிமை வேலை வாங்குவது தனிக் குற்றம், தனி நிவாரணம் உண்டு.

பணமும் அதற்குப் பிறகும்

விடுதலைச் சான்று வந்ததும் உடனடி உதவியாக 30,000 ரூபாய்வரை கிடைக்க வேண்டும். வழக்கில் தண்டனை வரும்வரை இதை நிறுத்தி வைக்கக் கூடாது. இதற்காகவே ஆட்சியர் பொறுப்பில் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத நிதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் திட்டம் சொல்கிறது. முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தலோ பாலியல் சுரண்டலோ நடந்த கொடிய நிலைகளில் 3 லட்சம். தண்டனைத் தீர்ப்போடு இது கட்டப்பட்டிருப்பதால் வழக்கை விட்டுவிடக் கூடாது. வாய்தாவுக்கு வர பஸ் காசு இல்லாமல் சாட்சி வராமல் போய் வழக்கு தோற்பதுண்டு. மகளிர் குழு அந்தச் செலவை ஏற்றுக்கொண்டால் பெரிய புண்ணியம்.

சான்றை லேமினேட் செய்து, மூன்று நகல் எடுத்து, ஒன்றை உறவில் படித்த பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு அவர்கள் பெயரில், ஏடிஎம் அட்டை அவர்கள் கையில் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம்தான் ஆபத்தான காலம். அரிசி தீரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மேஸ்திரி இனிப்புப் பொட்டலத்தோடு வருவான். அந்த ஆறு மாதத்துக்குள் ரேஷன் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்றையும் முடித்துவிடுங்கள்.

குழந்தைகளை மீட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பாவம் என்று நேரே பெற்றோரிடம் ஒப்படைக்காதீர்கள். அனுப்பியவரே அவர்களாக இருக்கலாம். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் முதலில் எடுபடும். அவை இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆகவே பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுப்பது தலைமை ஆசிரியரின் கடமை.

பாலியல் சுரண்டலிலிருந்து மீண்ட பெண்ணின் பெயரையோ படத்தையோ ஊரையோ வாட்ஸ்அப்பில் போடுவது குற்றம். மீட்பில் எடுத்த குழுப் படமும் வேண்டாம். அவள் விருப்பத்தைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம், மருத்துவம், வழக்கறிஞர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

வெளிநாடு

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் முகவரின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் வரியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. எந்த முதலாளிக்கும் அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று கூப்பிட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். 2022இல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். அப்படித் திரும்பி வந்த பிள்ளையைத் திருடனாகப் பார்க்காதீர்கள். உதவிக்கு 1800 11 3090. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது.

ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் ஆள்கடத்தலுக்குத் தனி அத்தியாயம் உண்டு. அது பதிவான வழக்குகளை மட்டும் எண்ணும் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். எண்ணிக்கை குறைவான மாவட்டம் தூய்மையான மாவட்டம் ஆகிவிடாது. உச்ச நீதிமன்றம் அமர்த்திய குழு ஒன்று 1995இல் தமிழ்நாட்டில் கொத்தடிமைகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று கணித்தது. பதிவேட்டுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை அதிலிருந்து ஊகிக்கலாம்.

நம் மாவட்டத்துக்கான தரவை நாமே கேட்டு வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கோட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள்: கடந்த ஐந்தாண்டுகளில் கொத்தடிமைக் கண்காணிப்புக் குழு கூடிய தேதிகள்; ஆண்டுவாரியாகக் கொடுத்த விடுதலைச் சான்றுகள்; உடனடி உதவி கொடுத்த தேதியும் தொகையும்; தண்டனையில் முடிந்த வழக்குகள். ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்னொரு கேள்வி: கொத்தடிமைக் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது? கொத்தடிமை முறை இருக்கக்கூடும் என்று குறித்த மாவட்டங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதை நடத்த மத்தியத் திட்டம் 4.5 லட்சம் ரூபாய் தருகிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

இதோடு ஊரில், வெளியூர் போய்வருவோர் பதிவேடு ஒன்று வையுங்கள். மகளிர் குழுவிடம் இருந்தால் நல்லது. வெளியூர் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் பெயர், கூட்டிப்போகும் ஆளின் பெயர், போன், வேலை இடம், வாங்கிய முன்பணம், திரும்புவதாகச் சொன்ன தேதி. போகிறவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். மேஸ்திரியையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நேர்மையானவன் தயங்காமல் போடுவான். மாதம் ஒருமுறை குழுக் கூட்டத்தில் அந்தப் பெயர்களுக்குப் போன் செய்து, அவர்களோடே பேச வேண்டும், மேஸ்திரியோடு அல்ல. இரண்டு மாதம் தொடர்ந்து ஒருவர் குரல் கேட்கவில்லை என்றால், பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுவோடு கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.